ரத்தம் கரைக்கு வரும்வரை

அவளுடைய அறைக்குள் போனால் முதலில் குந்தியிருக்க வேண்டும். ஊசி, பஞ்சு, கையில் இறுக்கிக் கட்டுகிற ரப்பர் எல்லாம் அதற்குப் பிறகுதான். சுவரோரம் ஒரு நீள வாங்குப் பலகை போட்டிருப்பாள். அதில் அரை மணித்தியாலம் வாய் திறக்காமல் இருந்தால்தான் உங்கள் கையைத் தொடுவாள். பஸ் போய்விடும், பிள்ளை பள்ளிக்கூடத்தில் நிற்கிறது, அடுப்பில் உலை கொதிக்கிறது, எதைச் சொன்னாலும் சுவர்க் கடிகாரத்தைக் காட்டுவாள்.

கடலில் இருந்து நேரே வருகிற ஆட்களிடம் அவள் சொல்லுவது எங்கள் கரை முழுவதற்கும் மனப்பாடம்.

"இருங்கோ அண்ணை. நீங்கள்தான் கரைக்கு வந்திட்டீங்கள். உங்கட ரத்தம் இன்னும் கடலில நிக்குது. அதுவும் வரட்டும்."

என் புருஷன் அந்த வாங்கில் எத்தனை தடவை இருந்தார் என்று நான் எண்ணி வைத்திருக்கிறேன். ஆறு தடவை. வீட்டில் என் பக்கத்தில் அவர் ஒரு தடவையாவது அரை மணித்தியாலம் சும்மா இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. இருந்தால் வலைக் கண்ணை எண்ணுவார், இல்லாவிட்டால் ரேடியோவின் காதைத் திருகுவார், இல்லாவிட்டால் எழும்பிப் போவார்.

அவளுடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. நுரைச்சோலை அனல்மின் நிலையப் புகைபோக்கிக்கு வடக்கே, கல்பிட்டி ரோட்டில் ஒரு சந்தி. சந்தியில் ஒரு பார்மசி. பார்மசிக்குப் பின்னால் அவளுடைய அறை. ரத்தம் பார்க்க வருகிற எல்லாரும் அவளை "மிஸ்" என்பார்கள். நான் ஒன்றும் சொல்லிக் கூப்பிடாமல் சமாளித்தேன். எட்டாம் வகுப்பு வரைக்கும் பக்கத்தில் இருந்து படித்தவளை மிஸ் என்று கூப்பிட நாக்கு வரவில்லை. பெயரைச் சொல்லலாம் என்றால் வயிறு எரிந்தது.

அவள் அப்போதும் அப்படித்தான். ரீச்சர் கேள்வி கேட்டால் நான் முதல் ஆளாக எழும்பிப் பிழையான விடையைக் கத்துவேன். பயம்தான் காரணம். என்னைக் கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில் கேட்க முன்னமே சொல்லிவிடுவேன். அவள் எல்லாரும் கத்தி முடியும்வரை பென்சிலைப் பிடித்துக்கொண்டு இருப்பாள். பிறகு எழும்பி ஒரு வசனம் சொல்லுவாள். அது சரியாக இருக்கும். ரீச்சர் என்னைப் பார்த்து, "கேட்டியோ? கொஞ்சம் பொறுத்தா உனக்கும் வரும்" என்பார். எனக்குப் பொறுக்க நேரம் கிடைக்கவில்லை. அம்மா படுக்கையில் விழுந்தார். தம்பிமார் மூன்று பேர். நான் பள்ளிக்கூடப் பையை ஆணியில் கொழுவி வைத்தேன். அவள் இரண்டு கிழமை பின்னேரங்களில் கொப்பியோடு வந்து அன்றைய பாடத்தைச் சொல்லித் தந்தாள். இனி வரவேண்டாம் என்று நான்தான் சொன்னேன். பானை கழுவுகிற கையோடு அவளுடைய கொப்பியைத் தொட எனக்கு மனம் வரவில்லை.

இருபது வருஷத்துக்கு மேல் கழித்து, சண்டையும் முடிந்த பிறகு, அவள் வெள்ளைக் கோட்டோடு எங்கள் சந்திக்கு வந்து இறங்கினாள். கையில் ஸ்பிரிட் மணம். நான் கரையோரக் கொட்டில் ஒன்றில், றால் வாடியில், றால் தோல் உரித்துக்கொண்டிருந்தேன். என் கை என்ன மணம் என்று சொல்லத் தேவையில்லை.

அவளுடைய பிடிவாதத்துக்கு ஒரு கதை சொல்கிறேன். பள்ளிவாசல்துறைப் பக்கம் இருந்து ஒரு ஹாஜியார், மூன்று மீன்பிடிப் போட்டுக்குச் சொந்தக்காரர், ஒரு வெள்ளிக்கிழமை சைக்கிளில் மூச்சு வாங்க வந்தார். நானும் அங்கே நின்றேன், வாடி முதலாளியின் ரிப்போர்ட் எடுக்க.

"மகள், கெதியா எடுங்க. ஜும்ஆக்கு நேரமாகுது."

"இருங்க ஹாஜியார்."

"நான் இருந்தா தொழுகை எனக்காக நிக்குமா?"

"தொழுகை நிக்காது. ஊசியும் ஓடாது. உங்கட ரத்தம் இன்னும் சைக்கிள் மிதிச்சுக்கொண்டு வருது, அது வந்து இறங்கட்டும்."

வாங்கில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஹாஜியார் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு இருந்தார். "யா அல்லாஹ், இந்தப் புள்ளைய மாப்புள்ள பாக்க வாற ஆக்கள் எவ்வளவு நேரம் இருக்கணுமோ!"

"அவங்களுக்கு ஒரு மணித்தியாலம் ஹாஜியார். அவங்கட ரத்தம் இன்னும் தூரத்தில இருந்து வாறது."

இப்படி ஒரு பதில் எனக்கு அடுத்த நாள்தான் வரும். அதுவும் றால் உரிக்கும்போது, கேட்க ஆள் இல்லாத நேரத்தில்.

ஏன் இந்த இருத்தல் என்று அவள் விளங்கப்படுத்தியது எனக்கு நன்றாக ஞாபகம். வெள்ளைக் கலங்களில் அரைவாசி எந்த நேரமும் ஓடித் திரிவதில்லையாம். ரத்தக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு கிடக்குமாம். "ஓடினாலும், வலை இழுத்தாலும், கோவிச்சாலும், பயந்தாலும் அதுகள் சுவரை விட்டுக் கழண்டு ஓட்டத்துக்கு வந்திடும். அப்ப எண்ணினா உடம்புக்குள்ள பெரிய வருத்தம் கிடக்கிற மாதிரித் தெரியும்." பயந்தாலும் என்று சொன்னபோது என்னைப் பார்த்தாள். அப்படிப் பார்த்தால் என்னுடைய கலங்கள் பிறந்த நாளில் இருந்து ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

பிறகு அந்தப் பரிசோதனை வந்தது. மருத்துவக் கம்பஸில் இருந்து டொக்டர்மார் வந்து, கரைவலை இழுக்கிற ஆம்பிளைகளின் ரத்தத்தையும் ரத்தக் குழாயையும் பார்க்கப் போகிறார்கள் என்று கோயில் ஸ்பீக்கரிலும் பள்ளிவாசல் ஸ்பீக்கரிலும் சொன்னார்கள். காலையில், வெறுவயிற்றோடு வரவேண்டும். நல்ல யோசனைதான், கந்தோரில் மேசை வேலை செய்கிற ஆட்களுக்கு. எங்கள் ஆம்பிளைகளுக்குக் காலை வெறுவயிறு என்றால் ஒரே ஒரு நேரந்தான் இருக்கிறது. விடிய வலைப்பாடு இழுத்து, மீன் விழுந்த மடியைக் கரையில் போட்டு, மீனைத் தட்டி முடிந்த உடனே. அப்படியே வந்தார்கள். சாரத்தில் தண்ணி சொட்ட, கயிறு அறுத்த கையோடு, மூச்சு அடங்காமல், மீன்பிடிச் சங்கக் கட்டடத்துக்கு முன்னால் வரிசை கட்டினார்கள். அது பிழை என்று எங்களுக்கும் தெரியவில்லை, டொக்டர்மாருக்கும் தெரியவில்லை.

அவளுக்குத் தெரிந்தது. உதவிக்கு அவளையும் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு மேசை. ஒன்றில் இளம் டொக்டர்மார், ஆள் ஆளாகக் குத்தி எடுத்து அனுப்பினார்கள். மற்றதில் அவள். தன்னுடைய வரிசையை மீன் பெட்டிகளைக் கவிழ்த்து அதில் இருத்தி வைத்திருந்தாள். டொக்டர் ஒருவர் வந்து, "மிஸ், இப்படிப் போனா மத்தியானமாகும்" என்றார். "ஆகட்டும் சேர்" என்றாள்.

என் புருஷன் அவளுடைய வரிசைக்குத்தான் போனார். கவிழ்த்த பெட்டியில் குந்தியும் விட்டார். நான் போய்க் கையைப் பிடித்து இழுத்தேன்.

"இஞ்சாருங்கோ, மற்றப் பக்கம் வாங்கோ. அங்க கெதியா முடியுது."

"இருந்திட்டுப் போவம், அவ சொல்லுறா."

"வெயில் ஏறுது. வாங்கோ எண்டுறன்."

வெயில் ஏறவில்லை. அவள் அவருடைய முழங்கையை ஸ்பிரிட் போட்டுத் துடைப்பதை நான் பார்த்துக்கொண்டு நிற்க விரும்பவில்லை, அவ்வளவுதான்.

ரத்தம் எடுத்த பிறகு அவரைக் கட்டிலில் படுக்க வைத்து, கழுத்திலும் தொடையடியிலும் பேனை மாதிரி ஒன்றை வைத்துத் துடிப்பைப் பார்த்தார்கள். குழாய் இளக்கமாக இருந்தால் துடிப்பு ஆறுதலாகப் போகும், இறுகிப் போனால் வேகமாக ஓடும் என்று டொக்டர் சொன்னார். இவருடைய காதில் வேகம் என்ற சொல் மட்டுந்தான் விழுந்தது.

"என்ர வேகமோ டொக்டர்?"

"வேகந்தான்."

இவர் படுத்தபடியே என்னைப் பார்த்துச் சிரித்தார். வள்ளப் போட்டியில் வென்ற மாதிரி.

ரிப்போர்ட் வந்தபோது சிவப்பு வட்டங்கள். வெள்ளைக் கலம் கூடுதல். அதற்குள் நியூட்ரோபில் என்கிறது கூடுதல், லிம்போசைட் என்கிறது குறைவு. நாற்பத்தைந்து வயது ஆளுக்கு அறுபத்தைந்து வயதுக் குழாய். இரண்டும் சேர்ந்து இருந்தால் இருதயத்துக்குக் கூடாது, திரும்பப் பாருங்கள் என்றார்கள். சம்மாட்டி கேள்விப்பட்டார். வலையும் வள்ளமும் அவருடையது. "நல்ல ரிப்போர்ட் வரும்வரைக்கும் கயித்தில கை வைக்காத தம்பி. கரையில விழுந்தா உன்ர பெண்சாதிக்கு நான் என்ன பதில் சொல்லுறது?"

அன்றில் இருந்து என் புருஷன் மற்றவர்கள் வலை இழுப்பதைத் தென்னையடியில் குந்தியிருந்து பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். சோறு போட்டுவிட்டு நெஞ்சில் காது வைத்தேன். உப்பை நிறுத்தினேன், உள்ளிப்பூண்டைக் கூட்டினேன். சொதியை வாயில் வைத்துவிட்டு, "இதென்ன, ஆஸ்பத்திரித் தண்ணியோ?" என்றார். குளிக்கப் போய்க் கொஞ்சம் பிந்தினால் கிணற்றடிக்கு ஓடினேன். "உயிரோடதான் நிக்கிறன், போ" என்று வாளியால் தண்ணி எறிந்தார். நான் அழுதேன். அவரை அந்த மற்ற வரிசைக்கு இழுத்தது என் கை. அந்த வரிசையால்தான் இந்த வட்டங்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. ஆனாலும் கை குற்றம் செய்த மாதிரி எரிந்துகொண்டிருந்தது.

வேறு வழியில்லாமல் அவளிடம் கூட்டிக்கொண்டு போனேன். வாங்கில் இவரை இருத்தினாள். நானும் பக்கத்தில் இருந்தேன். என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியுமா? "காத்து வருதோ? தலை சுத்துதோ? தண்ணி குடிக்கிறீங்களோ?"

அவள் மேசையில் இருந்து நிமிரவில்லை. "நீ வெளியில நில்லு. நீ பக்கத்தில இருந்தா அவற்ற ரத்தம் இண்டைக்கு வந்து சேராது."

வாங்கில் இருந்த மற்றவர்கள் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். நான் வெளியில் நின்று யன்னல் கம்பியால் பார்த்தேன். சுவரில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, கை இரண்டையும் மடியில் மல்லாத்தி வைத்து, பதினெட்டு வருஷம் கூடி வாழ்ந்து நான் காணாத ஒரு முகத்தோடு என் புருஷன் இருந்தார். அவள் அவரைப் பார்க்கக்கூட இல்லை, கண்ணாடித் துண்டில் யாருடைய ரத்தத்தையோ இழுத்துப் பரவிக்கொண்டிருந்தாள். பார்த்திருந்தாலும் பரவாயில்லை. பார்க்காமலே ஒருவரை இப்படி ஆறவைக்க முடியும் என்றால், நான் இத்தனை வருஷம் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது எதற்கு?

எண்ணுகிறதையும் அவள் எனக்குக் காட்டினாள். நுணுக்குக்காட்டிக்குள் ஒரு கண், இடக் கையின் கீழே ஐந்தாறு கட்டை வைத்த ஒரு சின்னப் பெட்டி. கண் எடுக்காமல் விரல் மட்டும் ஓடும். நியூட்ரோபிலுக்கு ஒரு கட்டை, லிம்போசைட்டுக்கு ஒரு கட்டை. நூறு ஆனதும் மணி அடிக்கும். பிறகு முதலில் இருந்து இன்னொரு நூறு. நான் ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் றால் உரிக்கிறேன், கண் எடுத்துப் பார்த்தால் கத்தி விரலில். என் விரலும் அப்படித்தான் ஓடும். ஆனால் எனக்கு மணி அடிப்பதில்லை.

இருந்து எடுத்த ரத்தத்தில் வெள்ளைக் கலம் இறங்கியிருந்தது. சம்மாட்டி, "அப்ப கயித்தின்ர வாலைப் பிடி, பாரம் இழுக்கிற தலைக்குப் போகாத" என்று விட்டார். கரை முழுக்க, மிஸ்தான் இவரைத் திருப்பிக் கயிற்றில் ஏற்றினாள் என்று கதை. முதலில் இவர் எந்த வரிசையில் நின்றார், யார் இழுத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அவள் மட்டும் சந்தோஷப்படவில்லை. "கூட்டம் குறைஞ்சிட்டுது, ஓம். கூட்டத்துக்குள்ள ஆர் கூடுதலா நிக்கிறான் எண்டதுதான் எனக்குப் பிடிக்கேல்ல" என்றாள். நியூட்ரோபில் என்கிறவன் சண்டை என்றால் முதலில் ஓடுகிறவனாம். இருத்தி எடுத்த ரத்தத்திலும் அவன் இத்தனை பேர் நின்றால், உடம்பில் எங்கேயோ ஒரு சின்னச் சண்டை முடியாமல் கிடக்கிறது. அது கனகாலம் கிடந்தால் குழாயின் சுவரும் தடித்து இறுகும் என்று படித்திருக்கிறாளாம். "இவருக்கு அதாலதான் இறுகினது எண்டு நான் சொல்ல மாட்டன். குழாயைப் படுக்க வைச்சுத்தான் பாத்தவை, அது சரியான கணக்கு. ஏன் எண்டதுதான் தெரியாது." இரண்டு கிழமை விட்டு இரண்டாம் தடவை இருத்தினாள். பிறகு மூன்றாம் தடவை.

மூன்றாம் தடவை ரிப்போர்ட்டை எடுக்க நான் தனியாகப் போனேன். அவள் ஒரு கடுதாசித் துண்டை எடுத்து நீட்டினாள். பின்னேரம் பார்மசிக்கு வருகிற டொக்டரிடம் கதைத்து எழுதி வாங்கி வைத்திருந்தாள். புத்தளம் ஆஸ்பத்திரியில் பல்லு டொக்டரிடம் காட்டுகிற துண்டு.

"பல்லோ? அவருக்குப் பல்லில ஒண்டும் இல்லையே."

"அவர் இடப்பக்கத்தால மெல்லுறேல்ல. நீ பாக்கேல்லயோ?"

ரத்தம் எடுத்து முடிந்தால் எல்லாருக்கும் ஒரு பிளேன்ரீயும் இரண்டு பிஸ்கட்டும் கொடுப்பாள். மூன்று தடவையும் இவர் பிஸ்கட்டை வலப்பக்கத்தால் மட்டும் கடித்தாராம். ஒரு தடவை ரீயில் ஊறப்போட்டாராம். ரீயை வாயின் இடப்பக்கம் போகவிடாமல் தலையைச் சரித்துக் குடித்தாராம். "பல்லைச் சுத்தின முரசு பழுத்துக் கிடக்கும் எண்டு நினைக்கிறன். கனநாளாக் கிடக்கும். அதுதான் இந்தச் சண்டை. கெதியாக் கூட்டிக்கொண்டு போ."

நான் துண்டை வாங்கி மடித்தேன். "ஓம், கூட்டிக்கொண்டு போறன்" என்றேன். வெளியில் வந்து ரோட்டில் நடக்கிறபோது காது இரண்டும் சுட்டது. பதினெட்டு வருஷம் அந்த மனுஷனுக்குச் சோறு போட்டவள் நான். முள் எடுத்துக் கொடுத்தவள் நான். எந்தப் பக்கத்தால் மெல்லுகிறார் என்று ஆறு பிஸ்கட்டில் கண்டுபிடித்தவள் அவள்.

வீட்டுக்குப் போனேன். இவர் முற்றத்தில் நின்றார். "என்னவாம்?"

"எல்லாம் நல்லமாம். இனி வரத் தேவையில்லையாம்."

"அப்ப சரி" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

துண்டை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தேன். நாளைக்கு நானாகப் பார்த்ததுபோல, "இஞ்சாருங்கோ, உங்களுக்குப் பல்லு நோகுதோ?" என்று கேட்டு, நானாகக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றுதான் நினைத்தேன். என் வாயால் வரவேண்டும், அவள் வாயால் வரக்கூடாது. நாளைக்கு என்று நினைத்தது அடுத்த கிழமை ஆனது. அன்றில் இருந்து அவர் சாப்பிடுவதை உற்றுப் பார்த்தேன். வலப்பக்கம். எல்லா நாளும் வலப்பக்கம். அப்படிப் பார்க்கப் பார்க்க என் வாய் இன்னும் இறுகியது. இப்போது கேட்டால், இவ்வளவு நாள் பார்க்கவில்லையா என்று அவர் திருப்பிக் கேட்பார்.

ஒரு நாள் பஸ் தரிப்பில் அவள் என்னைக் கண்டாள். "போனவரோ?"

"போனவர். டொக்டர் ஒண்டும் இல்லை எண்டவராம்."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்பிடியோ" என்றாள் கடைசியில். பஸ் வந்தது.

இரண்டு மாதம். பிறகு ஒரு காலை எழும்பும்போது அவருடைய இடக் கன்னம் தேங்காய்ப் பாதி மாதிரி வீங்கியிருந்தது. கண் மூடிப்போயிருந்தது. காய்ச்சல் கொதித்தது. கழுத்துக்கு இறங்கினால் மூச்சை அடைக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வாட்டுக்கு வெளியில் நின்று நான் எல்லாச் சாமிக்கும் நேர்ந்தேன். பிறகு வேளாங்கண்ணி மாதாவுக்கும் நேர்ந்தேன். மூன்று பல்லைப் பிடுங்கினார்கள், தாடையைக் கீறிச் சீழ் எடுத்தார்கள். ஐந்து நாள் சேலைன் ஏறியது.

மூன்றாம் நாள் அவள் வந்தாள். பேக்கரிப் பாணைப் பாலில் ஊறவைத்துக் கொண்டு வந்தாள். எந்தப் பக்கம் கரண்டியை வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. என்னிடம் மெதுவாக, "அந்தத் துண்டைப் பாத்த டொக்டர் ஆர்?" என்று கேட்டாள். "தெரியாது" என்றேன். அது ஒன்றுதான் அவளுக்கு நான் சொன்ன உண்மை.

வீட்டுக்கு வந்த பிறகு இன்னும் மூன்று தடவை இருத்தி எடுத்தாள். மூன்றாவதில் நியூட்ரோபில் இறங்கி, லிம்போசைட் ஏறி, இரண்டும் அந்தந்த இடத்துக்கு வந்திருந்தன. ரிப்போர்ட்டை எனக்குத்தான் முதலில் காட்டினாள். "பார், சண்டை முடிஞ்சுது." அவளுடைய முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் கண்டதில்லை. என் புருஷனுடைய ரத்தத்துக்கு அவள் சந்தோஷப்படுகிறாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

அதற்கு ஒரு மாதம் கழித்து அவளுக்கு மட்டக்களப்புப் பக்கம் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. போக முதல் நாள் பகல் நான் போனேன். வாங்கு வெறுமையாக இருந்தது. அவள் நுணுக்குக்காட்டியைத் துவாயில் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் நின்ற நிலையில் எல்லாவற்றையும் சொன்னேன். பரிசோதனை வரிசையில் இருந்து இழுத்தது, துண்டு, அரிசிப் பானை, பஸ் தரிப்பு.

"ஏன்?" என்றாள்.

"எனக்கு உன்னில பொறாமை."

"என்னிலயோ?" துவாயை விட்டுவிட்டாள். "எப்ப இருந்து?"

"எட்டாம் வகுப்பில இருந்து."

மனுஷனின் பல்லைப் பிஸ்கட்டில் கண்டவளுக்கு இது தெரிந்திருக்கவில்லை. சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கோபம் வந்தது. அவளுக்குக் கோபம் வந்து நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

"பொறாமைப்படு. ஆயுளுக்கும் படு. அதுக்கு அந்த மனுஷன்ர தாடையோ கிடைச்சது?"

"அந்த ரெண்டு மாசத்தால குழாய் இன்னும் இறுகியிருக்குமோ?"

"தெரியாது."

"கொஞ்சமோ, கனக்கவோ?"

"தெரியாதெண்டுறன். ஒருத்தராலயும் சொல்லேலாது."

ஒன்றும் ஆகியிருக்காது என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். எத்தனை பேர் சொல்லுவார்கள். அவள் சொல்லவில்லை. அடுத்த வருஷம் கம்பஸ் ஆட்கள் வந்து, இந்தத் தடவை எல்லாரையும் இருத்திப் பார்த்தபோதும் அவருடைய குழாய் பெரிதாக மாறவில்லை. பிறஷருக்குக் குளிசை எடுக்கிறார். கயிற்றின் வாலைத்தான் பிடிக்கிறார். சில நாள் நான் கிடந்து அந்த இரண்டு மாதத்தை நினைப்பேன். அதற்கு என்ன அளவு என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.

அன்றைக்கு அங்கே நின்று நான் அழத் தொடங்கினேன். "என்னை மன்னிச்சுக்கொள்" என்றேன்.

"நான் என்னத்தை மன்னிக்கிறது? பல்லு என்ரதோ? போ, போய் அவரிட்டச் சொல்லு" என்று துவாயைத் திரும்ப எடுத்துச் சுற்றத் தொடங்கினாள்.

போனேன். இவர் முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தார். ஊசியும் நூலும் ஓடிக்கொண்டிருந்தன. முன்னால் நின்று திரும்பவும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நிமிரவில்லை.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"துண்டு. அரிசிப் பானைக்குள்ள. நீ வைச்ச அண்டைக்கே எடுத்து வாசிச்சிட்டு வைச்சிட்டன்."

நான் திரும்பி அடுப்படிப் பக்கம் பார்த்தேன்.

"அண்டைக்கு நாலு தரம் போய்ப் பானையைத் திறந்து பாத்தனீ. ஒருக்காத்தானே சோறு ஆக்கினனீ? என்னடா இவள் அரிசியை எண்ணுறாளோ எண்டுதான் பாத்தன்."

"பாத்திட்டு ஏன் பேசாம இருந்தனீங்கள்?"

நூலைப் பல்லால் கடிக்கப் போனார். அந்தப் பக்கம் பல் இல்லை. மற்றப் பக்கம் வைத்துக் கடித்தார். "பல்லுப் பிடுங்கப் பயம்."

"பயமோ? காத்துக் காலத்தில கடலில போற மனுஷன்!"

"கடலில வாயைத் திறந்துகொண்டு படுக்கத் தேவையில்லைத்தானே." இப்போதுதான் என்னைப் பார்த்தார். வெட்கப்பட்டார், கலியாண நாளில்கூட நான் காணாத வெட்கம். "நீ ஒளிச்சது எனக்கும் நல்லதாப் போச்சு. ஆராவது கேட்டா, பெண்சாதி சொல்லேல்ல எண்டு சொல்லலாம் எண்டு விட்டிட்டன். உன்ர தலையில பழியைப் போட்டிட்டு நோவோட கிடந்தன். நல்ல சோடி, என்ன?"

நான் நிலத்தில் குந்தினேன். திட்ட வேண்டும் போலவும் சிரிக்க வேண்டும் போலவும் இருந்தது. ஆனால் என் வாயில் வந்த கேள்வி வேறு.

"இதை அவளிட்டச் சொன்னனீங்களோ?"

"ஆரிட்ட?"

"மிஸ்ஸிட்ட."

"மிஸ்ஸிட்டயோ? எதுக்கு?" உண்மையாகவே விளங்காமல் கேட்டார். "எனக்குப் பயம் எண்டு ஊருக்குச் சொல்லுறதோ?"

அடுத்த நாள் காலை பஸ் எங்கள் வாடியைத் தாண்டித்தான் போனது. யன்னல் கரையில் அவள் இருந்தாள், துவாயில் சுற்றினதை மடியில் வைத்துக்கொண்டு. கை காட்டினாள். நானும் றால் கையைத் தூக்கிக் காட்டினேன். அவள் நல்லவள். என் புருஷனின் உயிரை அவள்தான் பிடித்து வைத்தாள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவருடைய ரத்தத்தை இருநூறு இருநூறாக எண்ணினாள், அவருடைய பல்லைக் கண்டாள். ஆனால் அவருக்குப் பயம் என்று அவளுக்குத் தெரியாது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். எழுதவே வெட்கமாக இருக்கிறது, பஸ் வளைவில் மறையும்வரைக்கும் அந்த ஒன்றை நினைத்து நினைத்து நான் சந்தோஷமாக நின்றேன்.